நெற்றியில் ஒரு காயம், கன்னத்தில் ஒரு காயம்: இரண்டு 12011 ஏன் கூடாது?

நீங்கள் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. சென்னையில் இருந்தபடி அமெரிக்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவு சார்ட்டுகளைக் கோடிங் செய்யும், அதாவது மருத்துவப் பதிவுகளில் உள்ள சிகிச்சைகளையும் நோய்களையும் காப்பீட்டு பில்லுக்கான 'கோடு' எனும் குறியீட்டு எண்களாக மாற்றும் பணியில் நீங்கள் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. ஏழு வயதுச் சிறுவன் வீட்டுக்குள் ஓடும்போது தடுக்கி விழுந்து மேசை விளிம்பில் மோதியிருக்கிறான். நெற்றியில் 2.2 செ.மீ., இடது கன்னத்தில் 1.4 செ.மீ., முடிக்குள் உச்சந்தலையில் 3 செ.மீ. என மூன்று கிழிகாயங்கள். முகத்தில் இருந்த இரண்டிற்கும் 6-0 நைலானில் தையல் போட்டு, தலையில் ஸ்டேப்ளர் அடித்திருக்கிறார்கள். நீங்கள் முகத்தின் ஒரு காயத்திற்கு 12011, மற்றதற்கு மாடிஃபையர் 59 (தனிச் சேவை என்று காட்டும் பின்னொட்டு) உடன் மீண்டும் 12011, தலைக்கு அதே மாடிஃபையருடன் 12002, இவற்றோடு மருத்துவர் பரிசோதித்து முடிவெடுத்ததற்கான இ-எம் கோடாகிய 99283-ஐ மாடிஃபையர் 25 (செயல்முறையிலிருந்து தனித்த பரிசோதனை என்று காட்டுவது) சேர்த்து அனுப்பியிருக்கிறீர்கள். ஆடிட்டர் தையல் கோடுகளைத் திருத்தியதோடு 99283-ஐயும் நீக்கிவிட்டார். எது சரி என்பது உங்கள் கேள்வி. என் கணிப்பில் தையல் விஷயத்தில் ஆடிட்டர் சொல்வதே சரி. 99283 விஷயத்தில் நீங்கள்தான் சரி.

தையலை முதலில் எடுத்துக்கொள்வோம். 12011 முதல் 12018 வரையுள்ள கோடுகள் முகம், காது, இமை, மூக்கு, உதடு, சளிச்சவ்வு ஆகிய இடங்களில் உள்ள மேலோட்டமான காயங்களை எளிய முறையில் மூடுவதற்கு உரியவை. இவை காயங்களின் எண்ணிக்கைக்கான கோடுகள் அல்ல, நீளத்திற்கான கோடுகள். ஒரே உடற்பகுதித் தொகுப்பிலும் ஒரே வகை மூடலிலும் எத்தனை காயங்கள் இருந்தாலும் அவற்றின் நீளங்களைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகைக்கு ஒரே கோடு போட வேண்டும் என்று மருத்துவச் சேவைகளுக்கான அமெரிக்கக் குறியீட்டு நூலாகிய சி.பி.டி.-இன் வழிகாட்டுதல் நேரடியாகச் சொல்கிறது. நெற்றியும் கன்னமும் ஒரே தொகுப்பு, இரண்டும் எளிய மூடல், 2.2 உடன் 1.4-ஐக் கூட்டினால் 3.6 செ.மீ. அது 12013-இன் எல்லைக்குள் வருகிறது. இரண்டு 12011 போட்டால், ஒரே சேவையைத் துண்டு துண்டாக உடைத்துக் கூடுதல் பணம் கேட்டதாகத்தான் காப்பீட்டு நிறுவனம் எடுத்துக்கொள்ளும். இரண்டு காயங்களும் வெவ்வேறு இடத்தில் இருக்கின்றனவே என்று நீங்கள் மாடிஃபையர் 59 சேர்த்தது புரிகிறது. ஆனால் அந்த மாடிஃபையர் கூட்டல் விதியை முறியடிப்பதற்காக ஏற்பட்டதன்று.

உச்சந்தலை வேறு தொகுப்பு. தலையின் முடிப்பகுதி, கழுத்து, அக்குள், உடற்பகுதி, கை கால்கள் எல்லாம் 12001 முதல் 12007 வரையுள்ள வரிசையில் வருகின்றன. ஆகவே அந்த 3 செ.மீ. முகத்தின் நீளத்தோடு சேராது. 12002 தனியாகவே நிற்கும், அதற்கு மாடிஃபையர் 59 சேர்த்தது சரி. ஸ்டேப்ளர் என்பதால் கோடு மாறாது. தையல், ஸ்டேப்ளர், திசுப்பசை மூன்றையும் சி.பி.டி. ஒரே தட்டில் வைத்தே பார்க்கிறது.

இந்த இரண்டு வரிசைகளின் நீள எல்லைகளும் ஒன்றல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. இரண்டுமே 2.5 செ.மீ. வரை என்றுதான் தொடங்குகின்றன. அதன்பின் உடலுக்கான 12002 ஒரேயடியாக 2.6 முதல் 7.5 வரை போகிறது. முகத்தில் அந்த இடைவெளி இரண்டாகப் பிரிந்து, 12013 என்பது 2.6 முதல் 5.0 வரையும், 12014 என்பது 5.1 முதல் 7.5 வரையும் நிற்கின்றன. அதற்கு மேல் 12.5 வரை 12015, 20 வரை 12016, 30 வரை 12017, அதையும் தாண்டினால் 12018. முகத்தில் கடைசி இரண்டையும் நான் பணியில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் பார்த்திருக்கிறேன்.

நீளம் செ.மீ.-இல் எழுதப்பட்டிருக்க வேண்டும். காயம் வளைந்திருந்தாலும், கோணலாக இருந்தாலும், நட்சத்திரம் போலப் பிளந்திருந்தாலும் அளந்த நீளமே கணக்கு. சில மருத்துவர்கள் 'ஒரு அங்குலக் காயம்' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு அங்குலம் என்பது 2.54 செ.மீ.; 2.5-உடன் முடியும் கோட்டிற்கும் 2.6-இல் தொடங்கும் கோட்டிற்கும் நடுவே சரியாகப் போய் விழுகிறது. தோராயமாகச் சொன்ன அங்குலத்தைக் கால்குலேட்டரில் போட்டுப் பெரிய கோட்டிற்கு நியாயம் தேடக் கூடாது. மருத்துவரிடம் குவெரி அனுப்பி அளவைக் கேளுங்கள். பதில் வராவிட்டால் சிறிய கோட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நீளமே எழுதப்படாத சார்ட்டுக்கும் என் வழக்கம் இதுதான், உங்கள் கிளையன்டின் எழுத்துபூர்வ விதி வேறு எதையும் சொல்லாதவரை.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஆடிட்டர் உங்களிடம் கேட்காத, ஆனால் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, இது உண்மையிலேயே எளிய மூடல்தானா என்பது. நீங்கள் 'எளிய' என்று முடிவு செய்ததற்குக் காரணமாகச் சார்ட்டில் 'சிம்பிள் இன்டரப்டட்' என்று எழுதியிருந்ததைச் சொல்கிறீர்கள். அது தையல் போடும் பாணியின் பெயர். ஒவ்வொரு தையலையும் தனித்தனியாக முடிச்சிடுவது. சி.பி.டி. சொல்லும் எளிய மூடலுக்கும் அந்தச் சொல்லுக்கும் எந்த உறவும் இல்லை. நான்கு அடுக்குகளை மூடிவிட்டுக் கடைசியாகத் தோலில் சிம்பிள் இன்டரப்டட் போடும் மருத்துவரும் உண்டு. உங்கள் சார்ட்டில் முடிவு சரியாக அமைந்துவிட்டது, ஆனால் அதற்கு வந்த வழி தவறு.

எளிய மூடல் என்பது மேல்தோல், உள்தோல், அல்லது தோலடித் திசுவோடு நின்றுவிட்ட காயத்தை, ஆழ்ந்த கட்டமைப்புகளுக்குக் குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லாத நிலையில், ஓர் அடுக்கில் மூடுவது. தோலை மூடுவதோடு அதன் கீழேயுள்ள தோலடித் திசுவின் ஆழ்ந்த அடுக்குகளில் ஒன்றையோ பலவற்றையோ, தசையைச் சேராத மேல்நிலைத் திசுப்படலத்தையோ அடுக்கடுக்காக மூட வேண்டியிருந்தால் அது இடைநிலை மூடல் ஆகிவிடும்; முகத்திற்கு 12051 தொடங்கி 12057 வரை. முக்கியமாக முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடாகிய மெடிகேர் நிர்ணயித்துள்ள மருத்துவர் உழைப்பு மதிப்பில் 12051 என்பது 12011-ஐப் போல இரண்டு மடங்கிற்கும் மேல். ஒரே காயம், ஒரே நீளம், கீழே ஓர் அடுக்கு தைத்தாரா இல்லையா என்ற ஒரே வித்தியாசம்தான். ஆடிட்டர்கள் இங்கே பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பதற்குக் காரணம் அதுதான்.

இதில் நான் பட்ட அடியைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கரையும் நூலின் பெயரைச் சார்ட்டில் கண்டால் போதும், உள்ளே ஓர் அடுக்கு தைத்திருக்கிறார்கள் என்று நினைத்து இடைநிலைக் கோடு போட்டுவிடுவேன். கரையும் நூலை உள்ளேதான் போடுவார்கள், வெளியே நைலான்தான் என்று பயிற்சியில் யாரோ சொன்னது மனதில் பதிந்திருந்தது. ஒரு தணிக்கையில் என் சார்ட்டுகள் வரிசையாகத் திரும்பி வந்தன, அத்தனையும் குழந்தைகளுடையவை. தையல் பிரிப்பதற்காகக் குழந்தையை மறுபடியும் பிடித்து அழுத்திப் படுக்க வைக்க வேண்டாம் என்பதற்காக, விரைவில் கரையும் நூலைத் தோலின் மேலேயே போடுவது குழந்தை மருத்துவத்தில் வெகு சாதாரணம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். நூலின் வகை அடுக்கைச் சொல்லாது. எந்த அடுக்கில் எந்த நூல் என்று எழுதியிருந்தால் மட்டுமே அது சான்று. 'தோலடித் திசு 5-0 விக்ரில், தோல் 6-0 நைலான்' என்ற ஒரு வரி போதும் (விக்ரில் கரையும் நூல், நைலான் கரையாதது). 'விக்ரில், நைலான் பயன்படுத்தப்பட்டது' என்பது போதாது.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. மின்னணுப் பதிவேட்டின் செயல்முறைப் படிவத்தில் 'சிக்கல்தன்மை: எளியது' என்று ஒரு கட்டம் இருக்கும், மருத்துவர் பழக்கத்தில் அதைச் சொடுக்கிவிட்டு, கீழே விளக்கத்தில் இரண்டு அடுக்கு மூடல் என்று எழுதியிருப்பார். இப்படி முரண்பட்டால் நமக்குச் சாதகமானதைப் பொறுக்கி எடுப்பதும் தவறு, கட்டத்தை வேதவாக்காகக் கொள்வதும் தவறு. குவெரிதான் வழி.

ஓர் அடுக்கிலேயே மூடினாலும் இடைநிலையாகும் சூழல் ஒன்று உண்டு. காயம் மிக மோசமாக மாசுபட்டு, விரிவாகக் கழுவவோ துகள்களை அகற்றவோ வேண்டியிருந்தால் அது 12051 வரிசைக்குப் போகலாம். சைக்கிளிலிருந்து விழுந்து கன்னத்தில் சரளைக்கற்கள் பதிந்து, அவற்றை ஒவ்வொன்றாக எடுத்த பின் தைத்தார்கள் என்றால் பொருந்தும். 'உப்பு நீரால் நன்கு கழுவப்பட்டது' என்ற வரி எல்லாச் சார்ட்டிலும் இருக்கும், அது பொருந்தாது.

சிக்கலான மூடலுக்கு நீங்கள் இப்போது போக வேண்டியதில்லை என்றாலும், உதட்டுக் காயம் வந்தால் குழம்புவீர்கள் என்பதால் ஒன்றைச் சொல்கிறேன். 2020-இல் சி.பி.டி. வரையறை திருத்தப்பட்டபோது, உதட்டின் சிவந்த விளிம்பு, காதுமடலின் விளிம்பு, நாசித்துளையின் விளிம்பு ஆகியவை காயத்தில் அடங்குவதும் சிக்கலான மூடலுக்கான காரணங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. உடனே உதட்டு விளிம்பைத் தொட்ட ஒவ்வொரு காயத்திற்கும் சிக்கலான மூடலுக்கான 13151 போடத் தொடங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். இடைநிலை மூடலுக்கான தேவைகள் முதலில் நிறைவேற வேண்டும், அதற்கு மேல்தான் இந்தக் காரணங்களில் ஒன்று சேர வேண்டும் என்பதை அவர்கள் விட்டுவிட்டார்கள். தவிர, 13151 என்பது 1.1 செ.மீ.-இல்தான் தொடங்குகிறது. உதடு முழுத்தடிமனும் கிழிந்திருந்தால் 40650 வரிசையையும், இமையின் விளிம்பு கிழிந்திருந்தால் 67930, 67935 ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். அவை தோல் பகுதியிலேயே இல்லை.

உங்கள் சிறுவனையே கொஞ்சம் மாற்றிப் பார்த்தால் கூட்டல் விதி தெளிவாகும். கன்னக் காயத்தை மட்டும் இரண்டு அடுக்கில் மூடியிருந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது முகத்தின் இரண்டு காயங்களும் வெவ்வேறு வகை; கூட்டக் கூடாது. கன்னத்திற்கு 12051 முதலில், நெற்றிக்கு 12011 மாடிஃபையர் 59 உடன், தலைக்கு 12002 அதே மாடிஃபையருடன். இன்னொரு மாற்றம்: கன்னக் காயத்தைத் தைக்காமல் ஒட்டுப்பட்டைகள் மட்டும் ஒட்டியிருந்தால், அது மூடல் கோட்டிற்கே தகுதி பெறாது, இ-எம் கோட்டிற்குள் அடங்கிவிடும், அந்த 1.4 செ.மீ.-ஐ நெற்றியோடு கூட்டவும் கூடாது, 12011 மட்டுமே மிஞ்சும். திசுப்பசை போட்டிருந்தால் தையலைப் போலவே கூட்டலாம். மெடிகேர் நோயாளிக்குப் பசை மட்டும் போட்டு மூடினால் ஜி0168 என்ற தனிக் கோடு உண்டு. ஏழு வயதுப் பையனுக்கு மெடிகேர் இருக்கப்போவதில்லை என்பதால் இங்கே அது எழவில்லை, ஆனால் கீழே விழுந்து புருவம் கிழிந்து வரும் முதியவர்கள் நம் பட்டியலில் தினமும் இருக்கிறார்கள்.

மூடல் கோட்டிற்குள்ளேயே அடங்கிவிடுபவை பல. மரத்துப்போகும் ஊசி, காயத்தைக் கழுவுவது, உள்ளே நரம்பு அல்லது இரத்தக்குழாய் பாதிக்கப்பட்டதா என்று சாதாரணமாகப் பார்ப்பது, சிறிய இரத்தக்குழாயைக் கட்டுவது ஆகியவற்றுக்குத் தனியே பில் கிடையாது. தைக்கும் மருத்துவரே முகத்தில் நரம்புத் தடை ஊசி போட்டால் அதையும் மெடிகேர் தனியே ஏற்பதில்லை. கண்ணாடித் துண்டை இடுக்கியால் எடுத்ததற்கு 10120 போடாதீர்கள். அந்தக் கோடு தோலைக் கீறி எடுப்பதற்கு உரியது. அடங்காமல் வெளியே நிற்பவற்றில் குழந்தைகளுக்கு அடிக்கடி வருவது மிதமான மயக்க நிலை: அதே மருத்துவர் கொடுத்தால், ஐந்து வயதும் அதற்கு மேலும் 99152, அதற்குக் கீழ் 99151. கண்காணிக்கப் பயிற்சி பெற்ற இன்னொருவர் உடன் இருந்ததும், தொடக்க முடிவு நேரமும் பதிவாகியிருக்க வேண்டும். பத்து நிமிடத்திற்குக் குறைந்தால் கோடு இல்லை. டெட்டனஸ் தடுப்பூசி போட்டிருந்தால் மருந்துக்கும் அதைப் போட்டதற்கும் தனித்தனிக் கோடுகள் உண்டு.

நோய்க் கோடுகளில் உங்கள் பட்டியல் ஏறக்குறையச் சரி. நெற்றிக்கு எஸ்01.81, இடது கன்னத்திற்கு எஸ்01.412, உச்சந்தலைக்கு எஸ்01.01, மூன்றிற்கும் ஏழாம் எழுத்து 'ஏ' (காயத்திற்கான முதன்மைச் சிகிச்சை), இடம் காலியாக இருக்கும் கோடுகளில் நடுவே 'எக்ஸ்'. முகவாயும் எஸ்01.81-க்குத்தான் போகிறது, ஆகவே நெற்றியும் முகவாயும் கிழிந்தால் அந்தக் கோட்டை இரண்டு முறை போட வேண்டியதில்லை. புருவத்தை மட்டும் நெற்றியோடு சேர்த்துவிடாதீர்கள்; நோய்க் கோடுகளின் நூலாகிய ஐ.சி.டி.-யின் அகரவரிசை அதை இமைக்கு, அதாவது எஸ்01.11 வரிசைக்கு அனுப்புகிறது. தடுக்கி விழுந்து மேசையில் மோதியதற்கு டபிள்யூ01.190 சரியான தேர்வு.

தையல் பிரிக்க அவன் திரும்பி வந்தால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். மெடிகேர் கணக்கில் 2011 முதல் எளிய மூடல் கோடுகளின் கட்டணத்திலேயே அடங்கும் பிந்தைய பராமரிப்பு நாட்கள் பூஜ்யம். அதற்கு முன் பத்து நாட்கள் இருந்தன. இடைநிலைக் கோடுகளுக்கு இன்றும் பத்து நாட்கள் உண்டு. தனியார் காப்பீடுகள் தங்கள் விருப்பப்படி நடப்பதால் ஒவ்வொன்றின் விதியையும் பார்க்க வேண்டும். எப்படியிருந்தாலும் நோய்க் கோடாக, தையல் பிரிப்புக்கான இசட்48.02-ஐப் போடாதீர்கள்; விபத்துக் காயத்திற்கு அதே எஸ்01 கோட்டின் ஏழாம் எழுத்தை 'டி' (பிந்தைய பராமரிப்பு) என்று மாற்றிப் போடுவதே வழிகாட்டுதல். தையல் பிரிப்பதற்காக 2023-இல் வந்த 15853 தனித்து நிற்காத கோடு. இ-எம் கோட்டோடு சேர்ந்தே வர வேண்டும்.

கடைசியாக 99283. ஆடிட்டர் எழுதியிருக்கும் காரணம், 'இ-எம் செயல்முறையில் அடக்கம்' என்பது. அந்த விதி உண்மையானதுதான். சிறு செயல்முறையைச் செய்யலாமா என்று முடிவெடுக்கும் அளவிலான பரிசோதனை அந்தச் செயல்முறையின் கட்டணத்திலேயே அடங்கும். நோயாளி புதியவர் என்பது மட்டும் மாடிஃபையர் 25-க்குக் காரணம் ஆகாது. விரல் நுனியைக் கத்தியால் வெட்டிக்கொண்டு வந்தவருக்குக் காயத்தைப் பார்த்து, தைத்து, அனுப்பிவிட்டால் நான் இ-எம் போட மாட்டேன், அல்லது போடுவதற்கு மிகவும் யோசிப்பேன்.

உங்கள் சார்ட் அப்படிப்பட்டதன்று. நீங்கள் எடுத்துக்காட்டிய வரிகளின்படி, சிறுவன் வீட்டில் இரண்டு முறை வாந்தி எடுத்ததாகத் தாய் சொல்லியிருக்கிறார். மருத்துவர் நினைவிழப்பு இருந்ததா என்று கேட்டு இல்லை என்று பதிந்திருக்கிறார், நரம்பியல் பரிசோதனை செய்து உணர்வுநிலையை அளக்கும் கிளாஸ்கோ மதிப்பெண் முழு அளவான 15 என்று எழுதியிருக்கிறார், மண்டையோட்டின் அடிப்பகுதி முறிவுக்கான அறிகுறிகளைத் தேடியிருக்கிறார், சி.டி. ஸ்கேன் எடுப்பதன் நன்மை தீமைகளைத் தாயோடு பேசி, எடுக்காமல் நான்கு மணி நேரம் கண்காணிப்பது என்று முடிவெடுத்திருக்கிறார். இவற்றில் ஒன்றுகூடத் தையலுக்குத் தேவையானதல்ல. தோல் கிழியாமலே தலையில் அடிபட்டு வந்திருந்தாலும் இத்தனையும் நடந்திருக்கும். இந்தச் சோதனையைத்தான் நான் எப்போதும் செய்வேன்: காயத்தைப் பற்றிய வரிகளை எல்லாம் விரலால் மறைத்துவிட்டு மீதியை வாசிப்பேன், அங்கே ஒரு முழு மருத்துவச் சந்திப்பு தெரிந்தால் மாடிஃபையர் 25 நிற்கும்.

99283 என்ற நிலையும் சரியே. 2023 முதல் அவசரப் பிரிவில் மருத்துவ முடிவெடுத்தலின் கனமே நிலையைத் தீர்மானிக்கிறது. தலைக்காயம் என்ற பிரச்சினை ஒரு படி மேலே இழுத்தாலும், தாயிடமிருந்து பெற்ற தகவலும் பேசி முடிவெடுத்துத் தவிர்த்த ஸ்கேனும் தரவுப் பகுதியைக் குறைந்த அளவுக்கு மட்டுமே கொண்டுவருகின்றன. தையலின் அபாயத்தை இங்கே எண்ணக் கூடாது, ஏனெனில் அதற்குத் தனியே பில் போட்டாயிற்று. ஆசைப்பட்டு 99284-க்குப் போகாமல் இருந்தீர்களே, அதுவே உங்கள் மறுப்புக்குப் பலம்.

ஆகவே ஆடிட்டருக்கு அனுப்பும் பதிலில், 12013 முதல் வரி, மாடிஃபையர் 59 உடன் 12002 அடுத்த வரி என்ற திருத்தத்தை ஒப்புக்கொண்டு, 99283-ஐ மட்டும் மறுத்து எழுதுங்கள். மேலே சொன்ன பதிவுகளை அவை சார்ட்டில் இருக்கும் வார்த்தைகளிலேயே, நேரக் குறிப்போடு எடுத்து வையுங்கள். வாந்திக்கான ஆர்11.10-ஐ 99283 வரியோடு இணையுங்கள். தனி நோய்க் கோடு மாடிஃபையர் 25-க்குக் கட்டாயமில்லை என்றாலும், இருக்கும்போது அதை விட்டுவிடக் காரணமில்லை.